தகப்பனிடம் ஒப்புவிக்கப்பட்ட மகன்

(அர்ச். மாற்கு 9-ம் அதிகாரம், 14 முதல் 29 வரை)



நம் திவ்விய இரட்சகர் மலையின்மேல் மறுரூபமாகி ஒளிவீசிய வரலாற்றை நாமெல்லோரும் அறிவோம். ஆனால் அம்மலையைவிட்டு இறங்கியவுடன் அவர் எதைக் கண்டார் என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. அடிவாரத்தில் பெருங்கூட்டம் கூடியிருக்கிறது. வேதபாரகர் சீடரோடு தர்க்கம்பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சீடர்களோ ஒன்றும் செய்ய இயலாமல் வெட்கி நிற்கிறார்கள். அந்தச் சந்தடியின் நடுவிலிருந்து ஒரு தகப்பன் முன்வந்து, தன் மகனுக்கு நேரிடும் துன்பத்தை எடுத்துரைக்கிறான். பிள்ளை தரையில் விழுகிறான், வாயில் நுரைதள்ளுகிறது, பற்களைக் கடிக்கிறான், உடல் விறைத்துப்போகிறது. நெருப்பிலும் தண்ணீரிலும்கூடப் பலமுறை விழுந்திருக்கிறான்.

ரபேல் என்னும் பேர்பெற்ற ஓவியர் 1520-ம் ஆண்டில் இறந்தபோது கடைசியாக விட்டுச்சென்ற படம் இன்றைக்கும் வத்திக்கானில் இருக்கிறது. அதன் மேற்பாதியில் மறுரூபமான ஆண்டவர். கீழ்ப்பாதியில் கண்கள் செருகி, கை ஒன்று மேலும் ஒன்று கீழுமாய் விறைத்து, தகப்பன் பிடியில் நிற்கும் இந்தப் பிள்ளை. மகிமையையும் நோயையும் ஒரே படத்தில் வைத்தது சரியே. சுவிசேஷமே அவற்றைப் பிரிக்காமல் அடுத்தடுத்து வைத்திருக்கிறதல்லவா?

இந்தப் பிள்ளையைப்பற்றி இவ்வாரம் எழுதக் காரணமுண்டு. வீடு சந்திக்கப் போகும்போது சில வீடுகளில் பின்கட்டுக் கதவு பாதி சாத்தியிருக்கும். உள்ளே பாயில் ஒரு பிள்ளை படுத்திருக்கும். கேட்டால், "ஒன்றுமில்லை சுவாமி" என்பார்கள். அந்தக் குடும்பத்தில் தகப்பன் காலைப் பூசைக்கு வருவான். தாய் மாலைப் பூசைக்கு வருவாள். இருவரும் சேர்ந்து வந்து வருஷங்களாயிருக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம். அப்படிப்பட்ட வீட்டாருக்காகவும், அதைவிட அதிகமாய், அவர்களைப் பயப்படுத்துகிற நம் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். நாலு காரியங்களைச் சிந்திப்போம்.

முதலாவது, இது யார் செய்த பாவம் என்ற கேள்வி.

சேசுநாதர் அந்தத் தகப்பனிடம் கேட்டது ஒரே கேள்வி. எத்தனை காலமாய் இப்படி இருக்கிறது என்று விசாரித்தார். சிறுபிராயமுதல் என்று தகப்பன் சொன்னான். இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் முதன்முதல் கேட்பதும் இதுவே. நீ என்ன பாவம் செய்தாய், உன் மனைவி என்ன செய்தாள், எந்தச் சாபம் உன் வீட்டின்மேல் இருக்கிறது என்று ஆண்டவர் கேட்கவில்லை. பிறவிக் குருடனைப்பற்றிச் சீடர்கள் அப்படிக் கேட்டபோது, அவனுமல்ல, அவனைப் பெற்றவர்களுமல்ல என்று அவர் திட்டமாய் மறுத்ததை அர்ச். அருளப்பர் 9-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்டவரே மூடிவிட்ட வழக்கை நாம் மறுபடியும் திறக்கலாமா? "கர்ப்பமாயிருக்கும்போது கிரகணம் பார்த்தாள்", "அவள் வந்த நேரம்" என்று மருமகளைக் குத்திப்பேசுகிற நாவு, கர்த்தரின் தீர்ப்பை எதிர்த்துப் பேசுகிற நாவு என்றறியுங்கள்.

அப்படியானால் காரணம் என்ன? வலிப்பு மூளையிலிருந்து வருவது. கிறிஸ்துநாதர் பிறப்பதற்கு ஏறக்குறைய 400 வருஷங்களுக்கு முன்பே, கிரேக்க தேசத்தில் ஹிப்போக்ரட்டீஸ் பேரால் வழங்கும் வைத்திய நூல் ஒன்று, இந்நோய் மற்ற நோய்களைவிடத் தெய்வீகமானதல்ல, மூளையிலே தோன்றுவது என்று வாதித்தது. மூளையின் அணுக்கள் சொற்பமான மின்சாரத்தால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவை ஒரே சமயத்தில் கட்டுக்கடங்காமல் கிளம்பினால் உடல் வெட்டி இழுக்கிறது. அல்லது பிள்ளை சில விநாடி வெறித்துப் பார்த்தபடி நின்றுவிடுகிறது. ஜெர்மனி தேசத்து டாக்டர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்சாரத்தை 1924-ல் முதன்முறையாகப் பதிவுசெய்து 1929-ல் வெளியிட்டார். தலையில் கம்பிகள் ஒட்டி எடுக்கும் பரிசோதனை அதிலிருந்து வந்தது.

மூளை முடக்குவாதம் என்பது வேறு. தாயின் வயிற்றிலோ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்திற்குள்ளோ வளருகிற மூளைக்கு நேர்ந்த சேதம் அது. லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற டாக்டர், தாமே சிறுபிராயத்தில் கால் ஊனமானவர், 1861-ல் இதைப்பற்றி விரிவாக எடுத்துரைத்தார். குறைமாதப் பிறப்பு, கர்ப்பிணியைத் தாக்கும் சில தொற்று நோய்கள், பிறக்கும்போது பிராணவாயு தடைப்படுதல், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை அறியப்பட்ட காரணங்களிற் சில. பல பிள்ளைகளுக்கு இன்ன காரணமென்று டாக்டர்களாலும் சொல்ல முடிவதில்லை. அந்தச் சேதம் நாளுக்குநாள் பெருகுவதில்லை. இரண்டு நோயும் ஒட்டுவாரொட்டியல்ல. மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைகளில் நாலில் ஒருவருக்கு வலிப்பும் சேர்ந்திருக்கிறது. ஆனால் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் புத்தியில் குறைவே இல்லை. வாய் குழறுகிறது என்பதால் விளங்காது என்று நினைத்து, அவர்கள் எதிரிலேயே அவர்களைப்பற்றிப் பேசுகிறோம். அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, இது பசாசின் வேலையா என்ற சந்தேகம்.

"சுவாமி, சுவிசேஷத்திலேயே அசுத்த அரூபி என்று எழுதியிருக்கிறதே" என்று கேட்பீர்கள். எழுதியிருப்பது மெய்யே. ஆண்டவருக்குப் பசாசின்மேலும் நோயின்மேலும் அதிகாரமுண்டென்பது நம் விசுவாசம். ஆனால் அதே வேதாகமத்தைக் கவனமாய் வாசியுங்கள். அர்ச். மத்தேயு 4-ம் அதிகாரம் 24-ம் வசனத்தில், சேசுநாதரிடம் கொண்டுவரப்பட்டவர்களை வரிசைப்படுத்தும்போது, பசாசு பிடித்தவர்களை ஒரு வகையாகவும், வலிப்புள்ளவர்களை வேறு வகையாகவும், திமிர்வாதக்காரரை இன்னொரு வகையாகவும் எழுதுகிறார். வலிப்புக்காரரைக் குறிக்க அவர் வழங்கிய கிரேக்கச் சொல்லுக்குச் சந்திரனால் தாக்குண்டவர் என்று பொருள். அக்காலத்தார் எண்ணம் அது. ஆக, வலிப்பெல்லாம் பசாசு என்று சுவிசேஷகர் சொல்லவில்லை, பிரித்தே சொல்லுகிறார்.

நம் தாயாகிய திருச்சபையும் அப்படியே போதிக்கிறது. 1614-ம் ஆண்டின் உரோமைச் சடங்குமுறை நூல், ஒருவனுக்குப் பசாசு பிடித்திருக்கிறதென்று எளிதில் நம்பிவிடலாகாது என்று குருக்களுக்கே கட்டளையிட்டது. 1992-ல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல், நோய் என்பது வேறு, அதைக் குணப்படுத்துவது வைத்தியத்தின் வேலை என்கிறது. மேற்றிராணியாரின் விசேஷ உத்தரவில்லாமல் எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கு நடத்தலாகாது என்பது திருச்சபைச் சட்டம். குருவுக்கே இல்லாத அதிகாரம் மந்திரவாதிக்கும், ஊர் ஊராய்ப் போய்க் கூட்டம் நடத்துகிறவனுக்கும் எங்கிருந்து வந்தது?

ஆகையால் பசாசை விரட்டுகிறோமென்று சொல்லி ஒரு பிள்ளையைச் சங்கிலியால் கட்டுவதும், வேப்பங்குழையாலும் பிரம்பாலும் அடிப்பதும், சூடு போடுவதும், மிளகாய்ப் புகை காட்டுவதும் ஐந்தாம் கட்டளைக்கு விரோதமான பாவம். பக்தி என்ற பெயர் கொடுத்தாலும் பாவம் பாவந்தான்.

மூன்றாவது, செபமும் மாத்திரையும்.

இவ்விடத்தில் மிகுந்த கவனமாய் வாசிக்கும்படி உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் இதில் பிள்ளைகளின் உயிரே அடங்கியிருக்கிறது. சிலர் திருத்தலத்துக்கு நேர்ந்துகொண்டு, மாத்திரையை நிறுத்திவிட்டால்தான் விசுவாசம் பூரணமாகும் என்று நினைக்கிறார்கள். குணமளிக்கும் கூட்டத்தில், சுகமாகிவிட்டது, இனி மருந்து வேண்டாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையை எறிந்துவிடுகிறவர்களும் உண்டு. பிரியமானவர்களே, வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், வலிப்பு முன்னிலும் உக்கிரமாய், ஓயாமல் தொடர்ந்து வரக்கூடும். அப்படித் தொடரும் வலிப்பு மூளையைச் சேதப்படுத்தும்; உயிரையும் வாங்கும். பல வருஷம் வலிப்பில்லாதிருந்தாலும், டாக்டர்தான் சிறிது சிறிதாய்க் குறைத்து நிறுத்தவேண்டும்.

நேர்ச்சை என்றால் என்ன? சர்வேசுரனுக்கு மேலான ஒரு நன்மையைச் செய்வதாக வாக்குக்கொடுப்பது. தீமையானதை நேர்ந்துகொண்டால் அது நேர்ச்சையே ஆகாது. அதை நிறைவேற்றக் கடமையுமில்லை. நேர்ந்துகொள்ள விரும்புகிறீர்களா? என் பிள்ளைக்கு ஒரு வேளை மாத்திரையும் தவறவிடமாட்டேன் என்று நேர்ந்துகொள்ளுங்கள். தேவமாதா அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வாள்.

வைத்தியனைக் கனம்பண்ணவேண்டும், பூமியிலிருந்து மருந்துகளை உண்டாக்கியவர் சர்வேசுரனே என்று சீராக் ஆகமம் 38-ம் அதிகாரம் போதிக்கிறது. சுவிசேஷகரான அர்ச். லூக்காஸ் தாமே வைத்தியர் என்று அர்ச். சின்னப்பர் எழுதியிருக்கிறார். வலிப்புக்கு 1857-ல் புரோமைடும், 1912-ல் பினோபார்பிட்டாலும், 1938-ல் பெனிட்டாயினும் பயனுள்ளவையென்று தெரியவந்தது. பின்னும் பல மருந்துகள் வந்திருக்கின்றன. உலகத்தில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறதென்றும், சரியாய்க் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் அவர்களில் 100-க்கு 70 பேர்வரை வலிப்பின்றி வாழலாமென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. இந்த 70 பேரில் ஒருவனாக இருக்கக்கூடிய பிள்ளையை, நம் அறியாமையால் நெருப்பிலும் தண்ணீரிலும் விழவிடலாமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். கூட்டம் ஓடிவருகிறதைக் கண்டு ஆண்டவர் உடனே பிள்ளையைக் குணப்படுத்தினார் என்று அர்ச். மாற்கு குறிக்கிறார். நம் ஊரிலும் யாருக்காவது வலிப்பு வந்தால் கூட்டம் ஓடிவருகிறது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். ஒருவர் பற்களுக்கிடையில் கரண்டியை நுழைக்கிறார். ஒருவர் முகத்தில் தண்ணீரை ஊற்றுகிறார். இரும்புக்கு வலிப்பை நிறுத்தும் சக்தி கிடையாது. அது தானாய் நிற்கும் நேரத்தில் சாவிக்குப் புகழ் போய்ச்சேருகிறது. செய்யவேண்டியது இவ்வளவே: கூட்டத்தை விலக்குங்கள். கூரான பொருள்களை அகற்றி, தலைக்கடியில் துணியை மடித்து வையுங்கள். கழுத்துப் பித்தானைத் தளர்த்துங்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். எச்சில் வெளியே வழியும்படி ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிஷத்துக்குமேல் நீடித்தாலும், தெளியுமுன் மறுபடி வந்தாலும், முதன்முறையாய் வந்ததானாலும், அடிபட்டிருந்தாலும், 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முற்றும் தெளியும்வரை குடிக்கக் கொடுக்கவேண்டாம். சுவிசேஷத்துப் பிள்ளையும் முடிவில் செத்தவன்போல் கிடந்தான். செத்துப்போனான் என்றே பலர் சொன்னார்கள். வலிப்புக்குப்பின் வரும் அயர்ந்த தூக்கம் அப்படித்தான் தோன்றும். அப்போது பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்வதே நம் வேலை.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. 1841-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற டாக்டருக்கு ஒரு கைக்குழந்தை இருந்தது. அது அடிக்கடி தலையைக் குனிந்து குனிந்து வெட்டியது. தமக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தும் பலிக்காமல், அவர் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகைக்குக் கடிதமெழுதி, தம் மகனின் நிலையை விவரித்து, உதவி சொல்லும்படி மற்ற டாக்டர்களை வேண்டினார். சுவிசேஷத்துத் தகப்பன் கூட்டத்தின் நடுவில் செய்ததையே அவர் பத்திரிகையில் செய்தார். அக்காலத்தில் அதற்கு மருந்தில்லை. ஆனால் அவர் எழுதிவைத்ததால் அந்த நோய் இன்னதென்று உலகத்துக்குத் தெரிந்தது. இன்றும் அவர் பேராலேயே வழங்குகிறது. 1958-ல் அதற்கு மருந்தும் கண்டார்கள். ஆகையால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை, தூங்கி எழும்போது வரிசையாய்த் திடுக்கிட்டு மடங்கினால், "வயிற்றுவலி, உரம் விழுந்தது" என்று நாள் கடத்தாதீர்கள்; அன்றைக்கே காட்டுங்கள். நாலு மாதமாகியும் தலை நிற்காவிட்டால், ஒன்பது மாதமாகியும் உட்காராவிட்டால், கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல்போல் பின்னினால், ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் உபயோகித்தால், அப்பொழுதும் தாமதியாதீர்கள். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் அதிகமானால் வெயிலில் காட்டினால் போதும் என்றிருக்கவேண்டாம். ஆஸ்பத்திரியில் நீல விளக்கின்கீழ் வைத்து மூளையைக் காப்பாற்றுவார்கள். மாவட்ட அளவில் அரசாங்கம் நடத்தும் ஆரம்பகாலச் சிகிச்சை மையங்களில் இப்பிள்ளைகளுக்குப் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். எவ்வளவு சீக்கிரம் பயிற்சி தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

நாலாவது, பிள்ளையைத் திரும்ப ஒப்புவித்தல்.

ஆண்டவர் அவனைக் குணமாக்கியபின் தகப்பனிடம் ஒப்புவித்தார் என்று அர்ச். லூக்காஸ் எழுதுகிறார். குணமாகாத பிள்ளையையும் அவர் நம்மிடந்தான் ஒப்புவித்திருக்கிறார். திருத்தல மண்டபத்தில் விட்டுவிட்டு வருவதற்கோ, பின்கட்டில் ஒளித்துவைப்பதற்கோ அல்ல.

1013-ம் ஆண்டில் ஜெர்மனி தேசத்தில் ஒரு பிரபுவின் வீட்டில் ஹெர்மன் என்றொரு பிள்ளை பிறந்தது. சிறுபிராயமுதல் கைகால் முடங்கி, நடக்க முடியாமல், பேச்சும் தடுமாறும். அது மூளை முடக்குவாதமென்று சிலரும், வேறு நரம்பு நோயென்று சிலரும் இன்று சொல்லுகிறார்கள். ஏழு வயதில் ரைகெனாவ் தீவிலிருந்த அர்ச். ஆசீர்வாதப்பர் சபை மடத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். சந்நியாசிகள் அவரைச் சுமந்தார்கள், படிப்பித்தார்கள். அவர் கணிதமும் வானசாஸ்திரமும் சங்கீதமும் கற்று, நூல்கள் எழுதி, மாணாக்கர்களைச் சேர்த்து, 1054-ல் மரித்தார். முத்திப்பேறு பெற்றவராகத் திருச்சபை அவரை வணங்குகிறது. நாம் செபமாலையின் முடிவில் சொல்லுகிற கிருபை தயாபத்து செபத்தை இயற்றியவர் அவரே என்பது பாரம்பரியம். அறிஞரிடையே அபிப்பிராய பேதமுண்டு. எப்படியாயினும், அந்தத் தகப்பன் தன் பிள்ளையை ஒளித்துவைத்திருந்தால், அந்த மடத்தார் சுமக்க மறுத்திருந்தால், திருச்சபை எவ்வளவு இழந்திருக்கும்!

எல்லாப் பிள்ளைகளும் ஹெர்மன் ஆகமாட்டார்கள், ஆகவேண்டியதுமில்லை. ஒரு வார்த்தையும் பேசாத பிள்ளைக்கும் ஞானஸ்நானத்தில் நமக்குக் கிடைத்த அதே இஷ்டப்பிரசாதந்தான் கிடைத்தது. மனதாலோ உடலாலோ குறைவுள்ளவர்களுக்கு அவர்களுடைய நிலைக்கேற்ப ஞானோபதேசம் கொடுப்பது பங்குக்குருவின் கடமையென்று 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 777-ம் எண்ணில் கட்டளையிடுகிறது. திவ்விய நற்கருணை சாதாரண அப்பமல்ல என்பதை ஒரு பிள்ளை பார்வையாலோ, மௌனத்தாலோ, கைகூப்ப முயலும் விரல்களாலோ காட்டினால், அது போதும். ஆகையால் "என் பிள்ளைக்கு மந்திரங்கள் சொல்ல வராது, புதுநன்மை எப்படி?" என்று தயங்கும் பெற்றோர் தயவுசெய்து அறைவீட்டுக்கு வந்து என்னைப் பாருங்கள். வரமுடியாவிட்டால் சொல்லியனுப்புங்கள், நான் வருகிறேன்.

பள்ளிக்கூடமும் இவர்களுக்குத் திறந்திருக்கவேண்டும். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, குறைபாடு குறிப்பிட்ட அளவுள்ள 6 முதல் 18 வயதுவரையான பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ விசேஷப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமையுண்டு. மூளை முடக்குவாதம் அச்சட்டத்தில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. சென்னையில் 1985-ல் தொடங்கிய வித்யாசாகரும், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகப் பாடுபட்டு, அவர்களால் என்னென்ன முடியுமென்று காட்டியிருக்கின்றன.

கலியாண விஷயத்திலும் மனச்சாட்சியோடிருங்கள். தம்பிக்கு வலிப்பென்று அக்காளைப் பெண்ணெடுக்க மறுப்பது எந்த நீதி? நாட்டுச் சட்டமே 1999-ல், இந்து விவாகச் சட்டத்திலும் விசேஷ விவாகச் சட்டத்திலும் வலிப்பு நோயை விவாகத்துக்குத் தடையாக வைத்திருந்த சொற்களை நீக்கிவிட்டது. சட்டம் நீக்கியதைக் கிறிஸ்தவனின் இருதயம் இன்னும் வைத்துக்கொண்டிருக்கலாமா?

கடைசியாய், பிள்ளைகளின் பெற்றோரே, உங்களோடு பேசுகிறேன். எவ்வளவோ செபித்தும், மாத்திரை கொடுத்தும், தூக்கிக்கொண்டு அலைந்தும் பிள்ளை நடக்கவில்லை, பேசவில்லை, வலிப்பு நிற்கவில்லை என்று சிலர் அழுகிறீர்கள். உங்கள் விசுவாசம் போதாததால்தான் இப்படி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் தகப்பனின் விசுவாசத்தைப் பாருங்கள். முடியுமானால் செய்யும் என்று சந்தேகத்தோடே கேட்டான். பின்பு, விசுவாசம் தன்னிடமிருந்தும் அது குறைவாயிருக்கிறது, அதற்கும் துணைசெய்யவேண்டும் என்று கதறினான். ஆண்டவர் அந்தக் குறைவிசுவாசத்தைத் தள்ளிவிடவில்லை. அவிசுவாசத்தைக் கண்டித்த வார்த்தைகளைச் சொன்ன அதே வாயால், பிள்ளையைத் தம்மிடம் கொண்டுவரும்படியே சொன்னார். ஏன் சிலர் குணமாகிறார்கள், சிலர் குணமாவதில்லை என்பது சர்வேசுரனுடைய இரகசியம். அதற்கு விடை என்னிடமில்லை. ஆனால் இரவில் நாலு முறை எழுந்து, பிள்ளையைப் புரட்டிப்போட்டு, எச்சிலைத் துடைத்து, சோற்றைப் பிசைந்து ஊட்டுகிற உங்கள் கைகளை அவர் அறிவார். மிகச் சிறியவர்களுக்குச் செய்ததெல்லாம் தமக்கே செய்ததாய் எண்ணுவதாகச் சொன்னவர் அவரே.

மற்றவர்களே, இந்தக் கைகளுக்கு ஓய்வு வேண்டும். அந்தத் தாய் பாவசங்கீர்த்தனம் செய்துவர, ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு சேர்ந்து பூசை காண, அடுத்த வீட்டுக்காரர் ஒருமணி நேரம் பிள்ளையருகே இருக்கமுடியாதா? அதைவிட மேலானது, பிள்ளையையே கூட்டிவரச் சொல்லுவது. பூசை நேரத்தில் அது சத்தமிட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். வலிப்பு வந்தால் மேலே சொன்னபடி செய்யுங்கள். பூசை சற்று நேரம் நிற்கும், அதனால் நஷ்டமில்லை. அடுத்த ஞாயிறுமுதல் கோவிலின் தென்புற வாசலருகே முதல் இரண்டு பெஞ்சுகள் இக்குடும்பங்களுக்காக ஒதுக்கப்படும். அவை காலியாயிருக்குமானால், எந்த வீட்டின் பின்கட்டுக் கதவு இன்னும் சாத்தியிருக்கிறதென்று நாம் எல்லோரும் யோசிக்கவேண்டும்.

விழுந்து கிடந்த பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கிய சேசுநாதர், நம் பிள்ளைகளையும், அவர்களைத் தாங்கும் பெற்றோரையும், தாங்கவேண்டிய நம்மையும் ஆசீர்வதிப்பாராக.

ஆமென்.